பல்லின் நிழல் படத்துக்கு ஆழம் தந்த கணக்கு: விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரனின் வாழ்க்கை

மறையூரில் இருந்து உடுமலைப்பேட்டைக்கும், குமுளியில் இருந்து கம்பம், தேனிக்கும், வாளையாற்றைக் கடந்து கோவைக்கும் சிகிச்சைக்காக வந்து செல்வது இடுக்கி, பாலக்காடு மாவட்ட எல்லையோர மக்களுக்குப் பழகிய வழக்கம். பல்வலி முற்றிய நிலையில் வருவோருக்கு மருத்துவர் முதலில் எடுக்கச் சொல்வது எக்ஸ்ரே. அது போதாத சிலருக்குத் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் 'சிபிசிடி' எனும் கூம்புக்கற்றை ஸ்கேன் எடுக்கப்படுகிறது. அந்தப் படம் திரையில் உருவாகும் கணக்கில், கேரளத்தின் எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர் ஒருவரின் உழைப்பு கலந்திருக்கிறது. அவர்தான் ஜி.என்.ராமச்சந்திரன்.

கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8ஆம் தேதி, அன்றைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் விளங்கியவர். தந்தையிடம் பெற்ற கணித ஆர்வம் மகனை இறுதி வரை விட்டு அகலவில்லை.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ராமச்சந்திரன், 1942ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மின் பொறியியல் துறையில் சேர்ந்தார. அங்கு அவரது திறனைக் கண்ட சர் சி.வி.ராமன், தமது இயற்பியல் துறைக்கு அவரை அழைத்துக்கொண்டார். 1947ல் கேம்பிரிட்ஜ் சென்று, 1949ல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார். 1952ல், 30 வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார்.

கங்காருவின் தசைநாண்

அதே ஆண்டில் சென்னைக்கு வந்த பிரிட்டன் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்பதை அவரிடம் எடுத்துக் கூறினார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் புரதம் அது. பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் கொலாஜன் இல்லை. அதன் அடியில் உள்ள டென்டின் எனும் பல்திசுவில் இருக்கும் கரிமப் பொருளில் ஏறத்தாழ 90 சதவீதம் கொலாஜனே. பல் வேரைத் தாடை எலும்போடு பிணைத்து வைக்கும் நார்களும் அதனால் ஆனவை.

ஆய்வுக்கு ஏற்ற மாதிரி, அருகில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிடைத்தது. அது கங்காருவின் வால் தசைநாணில் இருந்து எடுக்கப்பட்ட கொலாஜன். எக்ஸ் கதிர்களை அதன் ஊடே செலுத்திய ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கதிர்கள் சிதறிய முறையில் இருந்து அதன் வடிவைக் கணித்தனர். மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பு என்ற முடிவு, 1954ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

வரவேற்போடு எதிர்ப்பும் வந்தது. டிஎன்ஏ வடிவைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், சென்னைக் குழுவின் மாதிரியில் சில அணுக்கள் இயற்கையில் இயலாத அளவுக்கு நெருங்கி நிற்பதாக வாதிட்டனர். மூன்று இழை என்ற அடிப்படை நிலைத்தது. இழைகளுக்கு இடையிலான பிணைப்புகளின் எண்ணிக்கையில் எதிர்த்தரப்பின் கணக்கையே பிந்தைய ஆய்வுகள் பெரிதும் ஆதரித்தன.

அந்த விமர்சனத்தை ராமச்சந்திரன் ஒதுக்கித் தள்ளவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்க முடியும் என்பதையே தனி ஆய்வாக எடுத்துக்கொண்டார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' அதில் பிறந்தது. புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகெங்கும் ஆய்வகங்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

நிழலில் இருந்து உருவம்

பல் மருத்துவத்தைத் தொடும் அவரது மற்றொரு பணி 1971ல் வெளியானது. அதன் அருமையை உணர, எக்ஸ்ரேயின் இயல்பை அறிய வேண்டும்.

ராண்ட்ஜன் 1895ல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த சில வாரங்களிலேயே, ஜெர்மனியின் ஓட்டோ வால்கோஃப் தமது பற்களையே படம் எடுத்தார். அதற்கு 25 நிமிடம் தேவைப்பட்டது. இன்று ஒரு நொடிக்கும் குறைவான நேரம் போதும். எனினும் அடிப்படை ஒன்றே. தாது நிறைந்த எனாமலும் எலும்பும் கதிரைத் தடுத்து வெண்மையாகத் தெரியும். தாது கரைந்த சொத்தையும், வேர் நுனியில் சீழ் அரித்த எலும்பும் கருமையாகத் தெரியும். இரு பற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் சொத்தையையும், ஈறு நோயால் தேய்ந்த எலும்பையும் கண்ணால் காண்பதற்கு முன்பே காட்டுவது எக்ஸ்ரேயின் பெரும் பயன்.

ஆனால் அது ஒரு நிழல். முன்னும் பின்னும் உள்ளவை ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. கீழ்த்தாடை நரம்பு ஞானப்பல்லின் வேருக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத் தட்டையான படம் தெளிவாகச் சொல்லாது. அறுவை சிகிச்சையில் அந்த நரம்பு சேதமானால் உதடும் தாடையும் மரத்துப்போகக் கூடும்.

பல கோணங்களில் எடுத்த நிழல்களைச் சேர்த்தால் முழு உருவத்தைப் பெறலாம். அவற்றை அப்படியே ஒன்றன் மேல் ஒன்றாகப் பரப்பினால் படம் மங்கிக் கலங்கிவிடும். ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் இதற்கு எளிய, துல்லியமான வழி கண்டனர். ஒவ்வொரு நிழலையும் பரப்புவதற்கு முன்பே, கலங்கலை நீக்கி விளிம்புகளைக் கூர்மையாக்கும் ஒரு வடிகட்டியால் திருத்திவிடுவதே அந்த வழி. முந்தைய முறைகளைவிடக் கணக்கு வெகுவாகக் குறைந்தது. கணினிகள் மெதுவாக இயங்கிய அக்காலத்தில் அது பெரும் முன்னேற்றம். இருவர் பெயரையும் இணைத்து 'ராம்-லக் வடிகட்டி' என்று அது வழங்கப்படுகிறது.

அதே 1971ல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியைப் படம் எடுத்தது. 1979ல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வடிகட்டிப் பரப்பும் முறை சி.டி. கருவிகளில் வேரூன்றியது. 1984ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைக் கூம்பு வடிவக் கற்றைக்கு விரித்தனர். 1990களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்துக்கான முதல் கூம்புக்கற்றைக் கருவி இத்தாலியில் உருவானது.

இறுதிக் காலம்

1970களின் தொடக்கத்தில் பெங்களூரு திரும்பிய ராமச்சந்திரன், இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 1977ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1999ல் படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசு மட்டும் கிட்டவில்லை. முதுமையில் பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1998ல் மனைவி ராஜலட்சுமியின் மறைவு பேரிழப்பானது. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் காலமானார்.

அவர் பங்களித்த கணக்கு இன்று பல் மருத்துவமனைகளின் கணினிகளில் ஓசையின்றி இயங்குகிறது. ஆயினும் எல்லோருக்கும் முப்பரிமாணப் படம் தேவையில்லை. ஓரிரு பற்களைக் காட்டும் சிறு எக்ஸ்ரேயின் கதிரளவு, ஒருவர் இயற்கையில் இருந்து ஏறத்தாழ ஒரு நாளில் பெறும் அளவை மிஞ்சாது. கூம்புக்கற்றை ஸ்கேனில் அது பல மடங்கு அதிகம். சிக்கலான ஞானப்பல், செயற்கை வேர் பொருத்துதல், தாடைக் கட்டி போன்றவற்றுக்கே அது பொருந்தும். கர்ப்பிணிகள் படம் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

எல்லை கடந்து மருத்துவமனை மாறிச் செல்வோர் பழைய எக்ஸ்ரேயை உடன் கொண்டு செல்வது நல்லது. மீண்டும் கதிர் படுவதையும் வீண் செலவையும் அது தவிர்க்கும். எலும்பு ஓராண்டில் எவ்வளவு தேய்ந்தது என்பதை ஒப்பிட்டுச் சொல்ல மருத்துவருக்கு அந்தப் பழைய படமே துணை.