நாளையை எழுதிய சுஜாதா

அம்பத்தூர், ஆவடித் தொழிற்கூடங்களில் பகலெல்லாம் பொறிகளோடு உழைத்து, மாலையில் கவியரங்கிற்கு வரும் நம் வட்டத்து உறுப்பினர்க்கு, பொறியாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய சுஜாதாவின் வாழ்வு மிகவும் நெருக்கமானதாகும்.

எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1935ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் திருவல்லிக்கேணியில் பிறந்தார். திருவரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவருடைய கல்லூரித் தோழர் ஆவார். விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய பின், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து உயர்பதவி வகித்தார். குமுதம் இதழில் ரா.கி. ரங்கராஜன் முன்னரே எழுதிவந்தமையால், பெயர்க்குழப்பம் தவிர்க்கத் தம் துணைவியாரின் பெயரைப் புனைபெயராக ஏற்றார்.

1980களில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய தொடர் 'என் இனிய இயந்திரா'. அன்று தொலைவில் தோன்றிய 2020களின் தொடக்கமே அதன் காலம். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் குடிமக்கள் எண்களாகிவிட்டனர். குழந்தை பெற அரசின் இசைவு வேண்டும். முதுமைக்கு அங்கே இடமில்லை. பெயர்கள் ஈரெழுத்தைத் தாண்டலாகாது. கணவனைக் காணாது தவிக்கும் நிலாவும், புத்தகம் படித்தே அறிவு வளர்க்கும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் அந்த ஆட்சியை எதிர்த்து ஓடியும் ஒளிந்தும் போராடுகின்றனர். மக்கள் அஞ்சி வணங்கிய தலைவர் வெறும் ஒளிப்பிம்பமே என்பது இறுதியில் புலனாகிறது. 'மீண்டும் ஜீனோ' இதன் தொடர்ச்சி. பள்ளி மாணவர்கள் வாரந்தோறும் காத்திருந்து படித்தது ஜீனோவின் குறும்புக்காகத்தான். குறும்போடு அச்சமும் கேள்வியும் அவர்கள் உள்ளத்தில் குடியேறின.

இந்நாவலை எழுதியவரே மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றியவர் என்பது எண்ணத்தக்கது. 1982இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்ட அவ்வகை இயந்திரம், 2004 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் பரவியது. மக்கள் தம் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் கருவிக்காக உழைத்த அதே மனிதர், தேர்ந்தெடுக்கும் உரிமை பறிபோன நாட்டையும் கற்பனை செய்தார். இயந்திரத்தை வழிபடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. அதை ஆள்வோர் யார் என்றே வினவினார்.

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் இத்தகைய நாவல்களைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கியவர்களுள் நானும் ஒருத்தி. இலக்கணம் நடத்தும் வகுப்பில் சோர்ந்திருக்கும் மாணவியர், ஜீனோவின் கதையைச் சொன்னதும் நிமிர்ந்தமர்ந்து, பெயரைக் குறைக்க அரசுக்கு என்ன உரிமை என்று வாதிடுவதைக் கண்ட பின்னரே என் பிழையை உணர்ந்தேன். பெயரைச் சுருக்குபவன் மொழியைச் சுருக்குகிறான். மொழி சுருங்கினால் மனிதனும் சுருங்குவான். கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டம் இதனை எளிதில் உணரும்.

கணையாழியின் கடைசிப் பக்கத்தில் இளங்கவிஞர்களை அறிமுகப்படுத்தியும், ஹைக்கூ பற்றி எழுதியும், புறநானூற்றுக்கு எளிய அறிமுகம் தந்தும் அவர் ஆற்றிய தொண்டு தனியே ஆராயத்தக்கது. 1993இல் அறிவியல் பரப்புதலுக்கான தேசிய விருது பெற்றார். 2008 பிப்ரவரி 27ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அவர் குறித்த ஆண்டுகள் வந்து கடந்துவிட்டன. ஜீவாவின் நாடு வரவில்லை என்று நிறைவுகொள்வதோடு நில்லாமல், வாராமற் காக்கும் விழிப்பை அடுத்த தலைமுறைக்குத் தருவதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.