அரண்மனையில் ஓர் அங்கி

கொடைக்கானலுக்கு ஏறும் வழியில், ஊருக்குச் சற்று முன்னால் செண்பகனூர் வரும். அங்குள்ள திரு இருதயக் கல்லூரி 1895இல் தொடங்கப்பட்டது. சுற்றுலா வருகிறவர்கள் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பல தலைமுறை இயேசு சபை இளைஞர்கள் பழனி மலையின் குளிரில் பயிற்சி பெற்ற இல்லம் அது. கூடப் படித்தவர்கள் வேலை, திருமணம் என்று போய்க்கொண்டிருக்க, முதன்முறை அங்கி அணிந்து நின்ற அந்த இளைஞர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. அவர் புனித அருளானந்தர்.

1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் லிஸ்பன் நகரில் பிறந்தவர் ஜான் தெ பிரிட்டோ. உயர்குடும்பத்துப் பிள்ளை. தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட்டார். சிறுவன் அரண்மனையில் பணிச்சிறுவனாகச் சேர்ந்தான். இளவரசர் பேதுருவுக்கு விளையாட்டுத் தோழனானான். உடனிருந்த சிறுவர்களுக்கோ அவனுடைய அடக்கமும் செபமும் படிப்பும் பிடிக்கவில்லை. அவனைத் தொல்லைப்படுத்தினார்கள்.

ஒருமுறை கடும் நோய் வந்தது. தாய் புனித சவேரியாருக்கு நேர்ச்சை செய்தார். பிழைத்தால் மகன் ஓராண்டு இயேசு சபையினரின் அங்கியை அணிவான் என்பதே நேர்ச்சை. மகன் பிழைத்தான். பட்டும் சரிகையும் அணிந்த சிறுவர்களுக்கு நடுவே கறுப்பு அங்கியோடு ஓராண்டு நடமாடினான்.

இன்று விடுதியில் சாப்பிடும் முன் சிலுவை அடையாளம் போடக் கூச்சப்பட்டு, நெற்றியைச் சொறிவதுபோல் பாவனை செய்யும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஓராண்டு எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

ஆனால் அந்த அங்கி தாயின் நேர்ச்சை. ஆண்டு முடிந்ததும் கழற்றிவிடலாம். கழற்றவும் செய்தான். அதன்பின் அரண்மனையில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டு, 1662 டிசம்பர் 17 அன்று, 15 வயதில், தானே விரும்பி இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் குருவானதும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். நேர்ச்சை செய்த அதே தாய், மகனைத் தடுத்து நிறுத்த இப்போது திருத்தந்தையின் தூதரிடமே முறையிட்டார். பலிக்கவில்லை.

மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்தவர், விரும்பி ஏற்ற அந்த அங்கியையும் இங்கே கழற்றிவைத்தார். பண்டாரசாமிகளைப் போலக் காவி உடுத்தார், மரக்கறி உணவு உண்டார், அருளானந்தர் என்ற பெயர் ஏற்றார். உடையைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்வதல்ல அவருடைய உறுதி.

1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைக்கப்பட்டார். பின்னர் விடுவிக்கப்பட்டு, மறைப்பணி அலுவலாகப் போர்ச்சுக்கல் அனுப்பப்பட்டார். அதே அரண்மனை. பழைய தோழர் பேதுரு இப்போது அரசர். நண்பரை அங்கேயே இருத்திக்கொள்ள விரும்பினார். கேலி செய்கிறவர்களிடம் மறுப்புச் சொல்வது ஒருவகையில் எளிது. அன்போடு அழைக்கும் நண்பரிடம் மறுப்புச் சொல்வதுதான் கடினம். அருளானந்தர் அதையும் செய்து, 1690இல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

மறவர் நாட்டில் தடியத்தேவர் நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற விரும்பினார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தடியத்தேவர் அதற்கு இணங்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினர். அதனால் எழுந்த சினம் ஓரியூரில் முடிந்தது. 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே அவர் தலை வெட்டப்பட்டது. 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

மரணச் செய்தி லிஸ்பனை எட்டியபோது அரசர் பேதுரு நன்றி வழிபாடு நடத்தச் சொன்னார். தாயும் வந்திருந்தார். துக்க உடையில் அல்ல, திருவிழா உடையில்.