பெயரைப் பகிர்ந்துகொண்ட இசைக்குழு

கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜான்சிபார் தீவில், பார்சி குடும்பமொன்றில் 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தவர் ஃபரோக் புல்சாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தபோது பியானோ பயின்றார். 1964-இல் ஜான்சிபாரில் புரட்சி வெடிக்கவே, குடும்பம் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தது. அங்கு 1970-இல் உருவான 'குயின்' ராக் இசைக்குழுவின் பாடகராகிய அவரை, உலகம் ஃபிரெடி மெர்குரி என்றே அறியும்.

விலைபோன சரக்கையே மீண்டும் உற்பத்தி செய்வது சந்தையின் இயல்பு. குயின் குழு அவ்வாறு செய்யவில்லை. 1973-இல் வெளியான முதல் ஆல்பத்தில் மேலோங்கி ஒலித்தது கிட்டாரின் முழக்கம். 1975-இல் மெர்குரி இயற்றிய 'பொஹீமியன் ராப்சடி', ஏறத்தாழ ஆறு நிமிடங்களுக்குள் மென்பாடலையும் ஆபராவையும் ராக் இசையையும் இணைத்தது. மூவரின் குரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவு செய்து, பெரியதொரு பாடகர் குழுவின் தோற்றத்தை உண்டாக்கினர். 1977-இல் 'வி வில் ராக் யூ' பாடலுக்குக் காலடியோசையும் கைத்தட்டலுமே தாளமாயின. சிந்தசைசர் பயன்படுத்தவில்லை என்று ஆல்பங்களின் உறைகளில் பெருமையுடன் அச்சிட்டவர்கள், 1980-இல் 'தி கேம்' ஆல்பத்தில் அதையும் ஏற்றனர். 1982-இல் வந்த 'ஹாட் ஸ்பேஸ்' நடன இசையின் பக்கம் சாய்ந்தது. பழைய ரசிகர் பலர் முகம் சுளித்தனர்.

குழுவின் நால்வருமே பாடல் இயற்றியது இம்மாற்றங்களுக்கு ஒரு முக்கியக் காரணம். பூசலுக்கும் அதுவே காரணமாயிற்று. ராயல்டி, பாடலை இயற்றியவரையே சேர்ந்தது. 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் மறுபக்கத்தில் தம் பாடல் இடம்பெற்றதால், ரோஜர் டெய்லருக்கும் மெர்குரிக்கு இணையான தொகை கிடைத்தது. எப்பாடலைச் சேர்ப்பது என்ற கலைத் தீர்ப்புக்குள் வருமானக் கணக்கும் புகுந்தது.

1989-இல் வெளிவந்த 'தி மிராக்கிள்' ஆல்பத்தில் இதற்குத் தீர்வு கண்டனர். யார் இயற்றினாலும் பாடல் குழுவின் பெயரிலேயே வெளியாகும்; வருவாய் நால்வருக்கும் பொது. அப்போது மெர்குரி எய்ட்ஸ் நோயுடன் போராடிக்கொண்டிருந்தார். உடல் நலிந்த நிலையில் அவர் பாடிய 'இன்னுயெண்டோ' 1991 பிப்ரவரியில் வெளியானது. அதன் தலைப்புப் பாடலில் ஸ்பானிய பாணி கிட்டாரும் ஒலித்தது. புதுமை நாட்டம் அப்போதும் தணியவில்லை. அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள், தம் நோயைப் பகிரங்கமாக அறிவித்த மறுநாள், 45-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கூட்டு உழைப்பின் பயனை எவ்வாறு பங்கிடுவது என்பது பொருளியலின் பழைய கேள்வி. புகழின் உச்சியைத் தொட்ட நால்வர், உரிமையை விட்டுக்கொடுத்து அதற்கு விடை கண்டனர். கூட்டாகத் தொழில் புரிவோர் எவரும் எண்ணிப் பார்க்கத் தக்க விடை அது.