ஒடிந்த கால் மீண்டும் ஆடியது!

குட்டீஸ்... விளையாடும்போது விழுந்து, காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த நண்பர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரித்த பிறகும், அவர்கள் சில நாட்கள் சுவரைப் பிடித்தபடி பயந்து பயந்துதான் நடப்பார்கள். தமிழகமே கொண்டாடிய ஒரு நடிகருக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. அவர்தான் எம்.ஜி.ஆர்.!

இலங்கையில், கண்டிக்கு அருகே உள்ள நாவலப்பிட்டியில், 1917 ஜனவரி 17ல் பிறந்தவர் எம்.ஜி.ராமச்சந்திரன். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் கும்பகோணத்தில் குடியேறியது. வீட்டில் வறுமை. படிப்பைத் தொடர முடியவில்லை. அண்ணன் சக்கரபாணியுடன், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார்.

1936ல் வந்த, 'சதிலீலாவதி' படத்தில் அவருக்குச் சிறிய வேடம் கிடைத்தது. பிறகு பல ஆண்டுகள் சிறு சிறு வேடங்கள்தான். அவரைக் கதாநாயகன் ஆக்கிய ஊர் எது தெரியுமா? கோவை!

அந்தக் காலத்தில் கோவையில் பெரிய சினிமா ஸ்டூடியோக்கள் இருந்தன. சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த, 'ராஜகுமாரி' 1947ல் வெளியானது. அதில் எம்.ஜி.ஆர்., கதாநாயகன். அவரோடு மோதும் முரடனாக நடித்தவர், கோவை ராமநாதபுரத்தைச் சேர்ந்த பயில்வான் சாண்டோ சின்னப்பா தேவர். இருவருக்கும் உடற்பயிற்சி என்றால் உயிர். இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள். 1954ல், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ தயாரித்த, 'மலைக்கள்ளன்' எம்.ஜி.ஆரின் புகழை மேலும் உயர்த்தியது.

குதிரைச் சவாரி, வாள்வீச்சு, சிலம்பம்... இவைதான் எம்.ஜி.ஆரின் பலம். 1958ல், 'நாடோடி மன்னன்' படத்தை அவரே தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தார். படம் மாபெரும் வெற்றி!

அடுத்த ஆண்டே அந்த விபத்து நடந்தது.

1959 ஜூன் 16. சீர்காழியில், 'இன்பக்கனவு' நாடகம். குண்டுமணி என்ற பருமனான நடிகரை, எம்.ஜி.ஆர்., தலைக்கு மேல் தூக்கி வீச வேண்டும். அன்று பிடி நழுவியது. குண்டுமணி, எம்.ஜி.ஆரின் கால் மேல் விழுந்தார். எலும்பு முறிந்தது! நாடகம் பாதியில் நின்றது.

பல மாதங்கள் ஓய்வில் இருக்க வேண்டியதாயிற்று. 'திருடாதே' படத்தின் படப்பிடிப்பு தள்ளிப்போனது. இனிமேல் இவரால் சண்டைக் காட்சியில் நடிக்க முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 42.

கால் எலும்பு ஒடிந்தால் என்ன ஆகும்? ஒடிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். அதன்மேல் மென்மையான குருத்தெலும்பு வளர்ந்து, இரண்டு முனைகளையும் பாலம் போல இணைக்கும். அது மெல்ல மெல்லக் கெட்டியாகி எலும்பாக மாறும். இதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது!

அதோடு முடிந்துவிடாது. அசையாமல் கிடந்த காலில் தசைகள் மெலிந்துவிடும். மூட்டுகள் இறுகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனதில் பயம் உட்கார்ந்துவிடும். கால் ஊன்றினால் மறுபடி ஒடிந்துவிடுமோ என்று தோன்றும். முதலில் ஊன்றுகோல், பிறகு ஒருவரின் தோள், அப்புறம் தனியாகப் பத்து அடி... இப்படித்தான் அந்தப் பயம் விலகும். ஒடிந்த கால், பெரிய நடிகர் என்று பார்ப்பதில்லை. எல்லோரையும் போல எம்.ஜி.ஆரும் காத்திருந்துதான் எழ வேண்டியிருந்தது.

அவர் எழுந்தார்! 1960ல், 'பாக்தாத் திருடன்' வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில், 'மன்னாதி மன்னன்' வந்தது. அதில் வாள் பிடித்தார். அதுமட்டுமா? நாட்டியத்தில் புகழ்பெற்ற பத்மினியுடன் நடித்த அந்தப் படத்தில், நடனமும் ஆடினார்! நடக்க முடியுமா என்று கவலைப்பட்ட ரசிகர்கள், திரையரங்குகளில் ஆரவாரம் செய்தனர்.

தள்ளிப்போன, 'திருடாதே' 1961ல் வெளியாகி வெற்றி பெற்றது. அதே ஆண்டு, இடையில் பிரிந்திருந்த கோவை நண்பர் தேவருடன், 'தாய் சொல்லைத் தட்டாதே' படத்தில் மீண்டும் சேர்ந்தார். அந்தக் கூட்டணி பல வெற்றிப் படங்களைத் தந்தது.

1977ல் தமிழக முதல்வரானார் எம்.ஜி.ஆர்., 1982ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசியோடு வளர்ந்தவர் அல்லவா! 1987 டிசம்பர் 24ல் காலமானார். மறு ஆண்டு அவருக்கு, 'பாரத ரத்னா' விருது வழங்கப்பட்டது.

குட்டீஸ்... கட்டுப் பிரித்த நண்பன் மெதுவாக நடந்தால் கேலி செய்யாதீர்கள். அவன் பயத்தோடு போராடிக்கொண்டிருக்கிறான். உங்கள் தோளைக் கொடுங்கள். டாக்டர் சொன்ன பயிற்சியைத் தினமும் செய்தால், இன்று பத்து அடி நடப்பவன் நாளை மைதானத்தில் ஓடுவான்!