உம்மு ஐமன் (ரலி): பேணி வளர்த்த பெருமாட்டி

போர்க்களத்தில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்த பெண்மணிகள் இஸ்லாமிய வரலாற்றில் பலர் உளர். அவர்களுள் அண்ணல் நபி (ஸல்) அவர்களை இளமையிலேயே பேணி வளர்த்த பேறும் பெற்றவர், அபிசீனிய நாட்டவரான பரக்கா என்னும் உம்மு ஐமன் (ரலி) அவர்கள் ஆவார்கள்.

பரக்கா, பெருமானாரின் தந்தையார் அப்துல்லாஹ்வின் இல்லத்தில் அடிமையாய் இருந்தவர். அன்னை ஆமினா கருவுற்றிருந்தபோதே அப்துல்லாஹ் யத்ரிபில் மறைந்தார். பெருமானாருக்கு 6 வயதானபோது, யத்ரிபுக்குச் சென்று திரும்பும் வழியில், அப்வா என்னுமிடத்தில் ஆமினாவும் நோயுற்று உயிர் நீத்தார். பாலைவழியில் தாயை இழந்து நின்ற அச்சிறுவரை மக்காவுக்கு அழைத்து வந்து, பாட்டனார் அப்துல் முத்தலிபிடம் சேர்த்தவர் பரக்காவே.

கதீஜா (ரலி) அவர்களை மணந்தபோது பெருமானார் இவரை விடுதலை செய்தார்கள். உபைத் என்பாரை மணந்து ஐமன் என்னும் மகனை ஈன்றதால் உம்மு ஐமன் எனப் பெயர் பெற்றார். பின்னர் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை மணந்து உஸாமாவைப் பெற்றெடுத்தார். உஹது களத்தில் தாகித்தோருக்கு நீர் புகட்டினார், புண்பட்டோருக்கு மருந்திட்டார்.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு அவருக்குத் துயர ஆண்டாயிற்று. மூத்தா போரில் கணவர் ஸைத் ஷஹீதானார். அதே ஆண்டில், ஹுனைன் போரில் மகன் ஐமனும் ஷஹீதானார். இருப்பினும் அம்மூதாட்டி தனித்து விடப்படவில்லை. பெருமானார் அவரைத் தம் தாயின் இடத்தில் வைத்துப் போற்றினார்கள். இல்லம் தேடிச் சென்று கண்டு வந்தார்கள். ஒருமுறை அவர் அளித்த பானத்தைப் பெருமானார் அருந்தாதபோது, வளர்த்த உரிமையால் அவர் சினந்து கடிந்துகொண்டதும் உண்டு.

பெருமானாரின் மறைவுக்குப் பின், அபூபக்கர் (ரலி) அவர்களும் உமர் (ரலி) அவர்களும் அவ்வழக்கத்தைப் பேணி அவரைக் காணச் சென்றார்கள். அவர்களைக் கண்டதும் அவர் அழுதார். அல்லாஹ்விடம் இருப்பதே நபியவர்களுக்கு மேலானது அன்றோ என்று இருவரும் தேற்றினர். அதைத் தாம் அறியாமல் அழவில்லை என்றும், வானிலிருந்து வஹீ வருவது நின்றுபோயிற்றே என்பதற்காகவே அழுவதாகவும் அவர் கூறினார். அதைக் கேட்ட இருவரும் அவருடன் சேர்ந்து அழுதார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! ஈமானில் உறுதிமிக்கவரும் அழக்கூடும். ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த கலீஃபாவோ அவ்வழுகையை ஈமானின் குறை என்று பழிக்கவில்லை, உடனிருந்து செவிமடுத்தார். நாமோ, பிள்ளை பெற்ற பெண் காரணமின்றிக் கலங்கினால் நம்பிக்கைக் குறை என்கிறோம். ஜின்னின் தீண்டல் என்கிறோம். பிள்ளை பெற்ற தாய்மார்களுள் நூற்றுக்கு 13 பேர் அளவில் மனநோய்க்கு, குறிப்பாக மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது நோயே, அதற்குச் சிகிச்சையும் உண்டு. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. ஆகவே அத்தாயைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

முதியோருக்கு உணவும் உடையும் அளித்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. இன்று ஜும்ஆ தொழுது திரும்புகையில், உங்கள் வீட்டிலோ தெருவிலோ தனித்திருக்கும் ஒரு மூதாட்டியின் அருகில் சிறிது நேரம் அமருங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். அந்நற்பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.