லாக் ஃபைல் காலியா? கிரேஸ் ஹோப்பரின் கதையைக் கொஞ்சம் கேளுங்க

நீங்கள் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு சின்ன ஐடி நிறுவனத்தில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு புடவைக் கடையின் இணையத்தளம் உங்கள் பொறுப்பு. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம்தான். இரவு பத்து மணிக்குக் கடைக்காரர் போன் செய்கிறார். பணம் கட்டும் பக்கம் திறக்கவே இல்லையாம்.

சர்வருக்குள் போய் எரர் லாக்கைத் திறக்கிறீர்கள். ஃபைல் இருக்கிறது, உள்ளே ஒரு வரிகூட இல்லை.

இப்போது உங்களுக்கு இரண்டு பிரச்சினைகள். ஒன்று, தளம் வேலை செய்யவில்லை. இன்னொன்று, ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை. எதை முதலில் சரி செய்வீங்க?

இதற்குப் பதில் சொல்ல ஒரு பெண்மணியின் கதை உதவும். இணையம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், ஓர் அறை அளவு கணினியோடு வேலை செய்தவர். பெயர் கிரேஸ் ஹோப்பர்.

யார் இவர்?

1906 டிசம்பர் 9-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அடுத்ததைக் கழற்றிப் பார்த்தார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகிவிட்டன. அம்மா தடை போடவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து 1928-இல் பட்டம் பெற்றார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். வாசரிலேயே பாடமும் நடத்தினார்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் கடற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம், எடை குறைவு என்று தட்டிக் கழித்தார்கள். அவர் விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தார். மறு ஆண்டு அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது மார்க் 1 என்ற கணினி. சுமார் 15 மீட்டர் நீளம், 5 டன் எடை. துளையிட்ட காகித நாடாவில் கட்டளைகளைக் கொடுத்தால் சத்தம் போட்டுக்கொண்டே கணக்குப் போடும்.

அதை இயக்குவதற்கான கையேட்டின் பெரும்பகுதியை எழுதியவர் ஹோப்பர்தான். 500 பக்கத்துக்கு மேல். இயந்திரம் என்ன செய்கிறது என்பதை அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வைக்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

அந்தப் பூச்சிக் கதை உண்மையா?

உண்மைதான், ஆனால் பலர் சொல்வது போல அல்ல. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, அடுத்த கணினியான மார்க் 2 தகராறு செய்தது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேக்குள் விட்டில் பூச்சி. அதை எடுத்து, பதிவேட்டுப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கணினியில் பக் என்ற சொல்லை ஹோப்பர்தான் கண்டுபிடித்தார் என்று நீங்கள் எங்காவது படித்திருப்பீங்க. அது சரியல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே எடிசன் இயந்திரக் கோளாறுகளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். பூச்சிக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பிரபலமாக்கியவர்தான் ஹோப்பர்.

அந்தப் பக்கத்தைக் கவனியுங்கள். காலையில் இயந்திரத்தைத் தொடங்கிய நேரம் இருக்கிறது. மாலை 3.25-க்கு ஒரு சோதனை ஓட்டம். 3.45-க்குப் பூச்சி. எந்தப் பலகை, எத்தனையாவது ரிலே என்பதும் இருக்கிறது: எஃப் பலகை, 70-ஆவது ரிலே. எப்போது, எங்கே, என்ன. ஒரு நல்ல எரர் லாக்கில் இன்றைக்கும் இந்த மூன்றும்தான் வேண்டும்.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. தேதியை எழுதியவர்கள் ஆண்டை எழுதவில்லை. அதனால்தானோ என்னவோ, பல இடங்களில் இந்தச் சம்பவம் 1945-இல் நடந்ததாக வந்துவிட்டது.

பிறகு என்ன செய்தார்?

1949-இல் தனியார் நிறுவனத்தில் சேர்ந்து யூனிவாக் கணினியில் வேலை பார்த்தார். 1952-இல் முதல் கம்பைலர்களில் ஒன்றை உருவாக்கினார். கணினியால் கணக்குத்தானே போட முடியும், நிரல் எழுதவா முடியும் என்று நம்ப மறுத்தவர்கள் நிறைய. 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபால் மொழிக்கு அவருடைய முந்தைய மொழியே முக்கிய அடித்தளம்.

1966-இல் ஓய்வு கொடுத்த கடற்படை, அடுத்த ஆண்டே திரும்ப அழைத்தது. 1986-இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். உரையாற்றப் போகும் இடங்களுக்கெல்லாம் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒயர் துண்டுகளை எடுத்துப் போவார். ஒரு நானோ விநாடியில் மின்சாரம் அதிகபட்சம் அவ்வளவு தூரம்தான் போகும் என்று கையில் கொடுத்துக் காட்டுவார். கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பது அவருடைய வேலை.

1992 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார். ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் அவர் பெயரில் ஓடுகிறது. 2016-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

சரி, உங்க சர்வருக்கு வருவோம்

முதலில் லாக்கைச் சரி செய்யுங்கள். பதிவு இல்லாமல் கை வைத்தால் இருட்டில் கடிகாரத்தைக் கழற்றுவது போலத்தான். நான்கு இடங்களைப் பாருங்க.

முதலாவது, சரியான ஃபைலைத்தான் பார்க்கிறீர்களா? பூட்டு அடையாளத்தோடு வரும் பாதுகாப்பான பக்கங்கள் 443-ஆம் போர்ட்டில் ஓடும். அதற்குத் தனி அமைப்பு, தனி எரர் லாக் இருக்கலாம். ரெட் ஹேட் வகை லினக்ஸில் அப்பாச்சி போட்டால் அப்படித்தான் வரும். பொது லாக் காலியாக இருக்க, பக்கத்திலேயே எஸ்எஸ்எல் எரர் லாக் நிரம்பிக் கிடக்கும்.

இரண்டாவது, பதிவு அளவு. பாதுகாப்பு இணைப்பு தொடங்கும்போதே தோல்வியடைந்தால், பல சமயம் அது சாதாரணத் தகவல் என்ற அளவில்தான் பதிவாகும். உங்கள் அமைப்பு எச்சரிக்கைக்கு மேல் உள்ளதை மட்டும் எழுதினால் அது தெரியவே தெரியாது. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அளவைக் கூட்டுங்கள், வேலை முடிந்ததும் குறைத்துவிடுங்கள்.

மூன்றாவது, எழுத முடிகிறதா? டிஸ்க் நிரம்பியிருக்கலாம், ஃபோல்டர் அனுமதி மாறியிருக்கலாம், எஸ்ஈலினக்ஸ் தடுத்திருக்கலாம். பழைய லாக்கை ஒதுக்கிய பிறகு, சர்வர் இன்னும் அந்தப் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டும் இருக்கலாம். அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்யாதீங்க, இருக்கும் ஆதாரமும் போய்விடும்.

நான்காவது, கோரிக்கை உங்கள் சர்வருக்கு வந்ததா? முன்னால் சிடிஎன் அல்லது லோட் பேலன்சர் இருந்தால், பூட்டைத் திறப்பது அதுதான். பிழையும் அங்கேயே நின்றிருக்கும்.

பிறகு மார்க் 2 குழு போல ஒரு சோதனை நடத்துங்கள். வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, லாக்கில் வரி விழுகிறதா என்று பாருங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால் நம் நேரத்துக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கும். கடைக்காரர் சொன்ன இரவு 10 மணி அங்கே பிற்பகல் 2 மணி. வரி விழுந்த பிறகுதான் உண்மையான கோளாறைத் தேட வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்?

மலேசியாவில் இது சட்டப் பிரச்சினையும்கூட. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவுகளை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அன்று இரவு நடந்தது வெறும் கோளாறா, யாராவது உள்ளே புகுந்தார்களா? எத்தனை வாடிக்கையாளர்களின் விவரம் போனது? லாக் இல்லை என்றால் உங்களிடம் பதில் இல்லை. அதே காரணத்துக்காக, கார்டு எண்ணும் பாஸ்வேர்டும் லாக்கில் விழாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை.

புடவைக் கடைத் தளம் திரும்ப ஓடத் தொடங்கியதும் உடனே தூங்கப் போய்விடாதீங்க. என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று நான்கு வரி எழுதி வையுங்கள். அடுத்த தீபாவளிக்கு அந்த வேலையில் வேறொருவர் இருக்கலாம்.

ஆண்டையும் சேர்த்து எழுதுங்க.