ஹைதர் அலி முதல் சரபோஜி வரை நம்பிய பாதிரியார்! யார் இந்த ஸ்வார்ட்ஸ்?

தஞ்சாவூர் பெரிய கோயில் பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்கா. அதையொட்டி, 1779-ல் கட்டிய ஒரு பழைய சர்ச் இருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். படுக்கையில் ஒரு கிழவர். அவர் கையைப் பிடித்தபடி ஒரு ராஜா. ராஜா, சரஸ்வதி மகால் நூலகத்தால் நாம் அறிந்த இரண்டாம் சரபோஜி. கிழவர், ஜெர்மன்காரரான லுத்தரன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ். கடைசி வரை இந்துவாகவே இருந்த ஒரு மன்னர், ஒரு பாதிரியாருக்காக லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மேனிடம் சொல்லி இந்தச் சிற்பத்தைச் செய்ய வைத்தது ஏன்?

நான்கே மாதத்தில் தமிழ்ப் பிரசங்கம்

கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் ஸ்வார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவின் சோனன்பர்க்கில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. ஹாலேயில் படித்துக்கொண்டிருந்தபோதே தமிழ் கற்க ஆரம்பித்துவிட்டார். 1750-ல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்தார். வந்த நான்கே மாதத்தில், சீகன்பால்க் கட்டிய தேவாலயத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார்.

அதோடு நிற்கவில்லை. போர்த்துக்கீசியம், பாரசீகம், மராத்தி, இந்துஸ்தானி என்று பேச வேண்டிய மனிதர்களுக்கு ஏற்ப மொழிகளைக் கற்றுக்கொண்டே போனார். திருச்சியில் சபை நடத்தினார். அங்கிருந்த ஆங்கிலேயப் படைக்கும் அவர்தான் பாதிரியார். 1778-ல் தஞ்சாவூருக்கே குடிவந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பவும் இல்லை.

ஹைதர் அலியிடம் போன தூதர்

1779-ல் சென்னை கம்பெனி அரசு அவரை ரகசியமாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. கம்பெனிக்கு சமாதானம்தான் வேண்டும் என்று ஹைதர் அலியிடம் சொல்வதுதான் வேலை. போனார், பேசினார், திரும்பினார். ஆனா அடுத்த வருஷமே போர் வெடித்தது.

வழிச் செலவுக்கு என்று ஹைதர் கொடுத்த பணத்தை ஸ்வார்ட்ஸ் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனியிடம் ஒப்படைத்தார். அவர்கள் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கு அதை ஒதுக்கினார். போர் நடந்த காலத்திலும் இந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் விடுங்கள் என்று ஹைதர் தன் படைக்கு உத்தரவிட்டிருந்ததாகச் சொல்லப்படுகிறது.

80,000 கலம் நெல்

அந்தப் போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனா விவசாயிகள் கொண்டுவரத் தயாராக இல்லை. அதிகாரிகள் ஏற்கனவே நெல்லை வாங்கிக்கொண்டு காசு தராமல் ஏமாற்றியிருந்ததுதான் காரணம். ராஜாவின் வாக்கே செல்லுபடியாகாத நிலை.

ஸ்வார்ட்ஸிடம் பொறுப்பு வந்தது. பணத்துக்குத் தானே பொறுப்பு என்று அவர் சொன்ன பிறகுதான் மாட்டு வண்டிகள் கிளம்பின. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பேசியபடி பணமும் கைக்குப் போனது.

வினையான ஆலோசனை

1787-ல் மன்னர் துளஜா மரணப் படுக்கையில் இருந்தார். வாரிசாகத் தத்தெடுத்த சரபோஜிக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. நீங்களே காப்பாளராக இருங்கள் என்று ஸ்வார்ட்ஸிடம் கேட்டார். ஸ்வார்ட்ஸ் தயங்கினார். மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று யோசனை சொன்னார்.

அதுவே வினையானது. தத்தே செல்லாது என்று அமர்சிங் தரப்பு வாதிட்டது. சில பண்டிதர்களின் கருத்தை வைத்து கம்பெனியும் தலையசைத்தது. அமர்சிங் அரியணை ஏறினார். சரபோஜி அரண்மனையிலேயே அடைபட்ட பிள்ளையானார், படிப்பும் இல்லை.

இங்கேதான் ஸ்வார்ட்ஸ் விலகிப் போகாமல் நின்றார். கம்பெனிக்குத் தொடர்ந்து எழுதினார். முறையான காப்பாளர் ஆனார். 1793-ல் சரபோஜியைச் சென்னைக்குப் பத்திரமாக அனுப்பிவைத்தார். அங்கே கெரிக்கே என்ற பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். தத்து செல்லும் என்று நிறுவும் வேலையும் தொடர்ந்தது. கடைசியில் கம்பெனி தன் முடிவை மாற்றிக்கொண்டது.

அதைப் பார்க்க ஸ்வார்ட்ஸ் இல்லை. 1798 பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரில் காலமானார். இறுதிச் சடங்கில் சரபோஜி கண்ணீர்விட்டு அழுதார். சில மாதங்களில் முடிசூடினார்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. அவருடைய சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை அவர் ஒழிக்கவில்லை. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் தடை போட்டபோதுதான் அது பெரிய பிரச்சினையாக வெடித்தது. ஸ்வார்ட்ஸ் பெற்றுத்தந்த அரியணையும் முழுசாக நிலைக்கவில்லை. 1799-ல் ஆட்சி நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் ஒரு பங்கு வருமானமும்தான்.

ஆனா அந்த மிச்சத்தில்தான் சரபோஜி நூலகத்தை வளர்த்தார், பள்ளிகள் நடத்தினார், மருத்துவ ஏடுகளைத் தொகுக்க வைத்தார். அடைபட்டுக் கிடந்த ஒரு சிறுவனுக்குப் படிப்பு கிடைத்ததன் பலன் அது. தான் சொன்ன யோசனை தப்பாகப் போனது தெரிந்ததும், அதைச் சரிசெய்ய ஒரு கிழவர் தன் கடைசிப் பத்து வருஷத்தைச் செலவழித்தார். அடுத்த முறை தஞ்சாவூர் போனால், பெரிய கோயிலைப் பார்த்த கையோடு அந்தப் பளிங்குச் சிற்பத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.